சின்னப்பன் வீட்டுப் பிள்ளை

தனிமையைப் பற்றி ஒரு நல்ல நாவல் சொல்லுங்கள் என்று இலக்கியம் படிக்கிற யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் வரும். ஆதவனின் 'என் பெயர் ராமசேஷன்', சம்பத்தின் 'இடைவெளி', நகுலனின் 'நினைவுப்பாதை'. கொஞ்சம் வெளியே போனால் ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்'. வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழாக்கி 1980இல் க்ரியா வெளியிட்டது. எல்லாமே நான் விரும்பிப் படித்த புத்தகங்கள்தான். ஆனால் இந்தப் பட்டியலில் எனக்கு ஒரு சின்னக் குறை உண்டு. அத்தனை பேரும் ஆண்கள், படித்தவர்கள். முக்கியமாக, கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார அவர்களுக்கு ஓர் இடம் இருக்கிறது.

என்னைக் கேட்டால் ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' என்பேன். 1942இல் வந்தது. அதைத் தமிழின் முதல் வட்டார நாவல் என்று சொல்லிச் சொல்லியே வேறு மாதிரி படிக்க விடாமல் செய்துவிட்டார்கள். கொங்குப் பேச்சு அப்படியே இருக்கிறது, காடு மேடு அப்படியே இருக்கிறது என்று பாராட்டிவிட்டு, நடுவில் நிற்கிற அந்தப் பொம்பளையை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவளுக்கு உலகத்தில் யாருமே இல்லை என்பதை யாரும் பெரிதாகச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. வீடு நிறைய ஆட்கள் இருப்பதால் கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடிவையும் சேர்த்துத்தான் சொல்லப் போகிறேன். எண்பது வருஷத்துக்கு மேலான புத்தகத்தில் ரகசியம் காப்பாற்ற என்னால் முடியாது. கொங்கு நாட்டு ஊர் ஒன்று. நாகம்மாள் புருஷனை இழந்தவள், கையில் ஒரு பெண் குழந்தை. புருஷனின் தம்பி சின்னப்பன், அவன் பெண்டாட்டி காளியம்மாள், எல்லோரும் ஒரே வீட்டில். சின்னப்பன் கெட்டவன் இல்லை, உழைப்பாளி, அண்ணியைப் பட்டினி போட்டவனும் இல்லை. ஆனால் நாகம்மாள் முடங்கிக் கிடக்கிற ரகம் கிடையாது. நினைத்த இடத்துக்குப் போவாள், நினைத்ததைப் பேசுவாள். ஊருக்கு ஆகாதவனான கெட்டியப்பனோடு அவளுக்குப் பழக்கம். காளியம்மாளின் தாயார் வந்து, இங்கே இருப்பதை விற்றுவிட்டு எங்கள் ஊர்ப்பக்கம் வந்துவிடுங்கள் என்று ஓதுகிறாள். நாகம்மாளுக்கு அப்போதுதான் பொறி தட்டுகிறது. நிலம் போய்விட்டால் தனக்கென்று என்ன இருக்கிறது? பாகம் பிரித்துக் கொடு என்கிறாள். சின்னப்பனோடு பகை உள்ள மணியகாரரும் கெட்டியப்பனும் பின்னால் நின்று ஊதிவிடுகிறார்கள். கடைசியில் கெட்டியப்பன் அடித்து சின்னப்பன் சாகிறான். அத்தோடு நாவல் சட்டென்று நின்றுவிடுகிறது.

நான் இதை ஒரு மாதிரி தர்மசங்கடத்தோடுதான் படித்தேன். காரணம் எளிது, நான் சின்னப்பன் வீட்டுப் பிள்ளை.

எங்கள் ஊர் ஜலகண்டாபுரம். சேலத்திலிருந்து தாரமங்கலம் தாண்டி வந்தால், பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே தறிச் சத்தம் காதுக்கு வந்துவிடும். இன்றைக்குப் பெரும்பாலும் விசைத்தறி. என் சின்ன வயதில் எங்கள் வீட்டில் இருந்தது குழித்தறி. ஒன்றில் அப்பா, இன்னொன்றில் பெரியப்பா. பெரியப்பா எண்பதுகளில் காலமானார். பிள்ளை கிடையாது. பெரிம்மா எங்களோடுதான் இருந்தார்கள், இன்றைக்கும் இருக்கிறார்கள். ராட்டையில் தார் சுற்றிக்கொண்டு ஆசாரத்தின் தெற்கு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற உருவமாகவே எனக்கு நினைவு. தார் இல்லாமல் நாடா ஓடாது, நாடா ஓடாமல் துணி இல்லை. ஆனால் கைத்தறியில் கூலி போடுவது நெய்து முடித்த துணிக்கு. பாஸ்புக் நெய்கிறவர் பேரில் இருக்கும், காசும் அவர் கைக்கு வரும். தார் சுற்றுவது, பாவுக்கு உதவுவதெல்லாம் வீட்டு வேலைக் கணக்கில் சேர்ந்துவிடும். பெரியப்பா தறியில் அப்புறம் கூலிக்கு ஒரு ஆளை உட்கார வைத்தார் அப்பா. அந்த ஆளுக்கும் தார் சுற்றிக் கொடுத்தது பெரிம்மாதான்.

யாரும் அவரைக் கொடுமைப்படுத்தவில்லை. இதைத் தப்பித்துக்கொள்ள எழுதவில்லை. கொடுமை ஏதாவது நடந்திருந்தால் புரிந்துகொள்வது சுலபமாக இருந்திருக்கும். தீபாவளிக்கு அம்மாவுக்கு எடுக்கிற விலையில்தான் அவருக்கும் சேலை. கறி எடுத்தால் நல்ல துண்டு அவர் தட்டுக்குப் போகும். ஆனால் சின்னதாக ஒன்று: எங்கள் வீட்டில் ஒரு முடிவு எடுக்கும்போது, தறியை விற்பது, ஓட்டைப் பிரித்துவிட்டு தார்சு போடுவது, எதுவானாலும், பெரிம்மா இருக்கிற இடத்தில் வைத்தே பேசுவார்கள். மறைக்க மாட்டார்கள். அவர் பக்கம் திரும்பவும் மாட்டார்கள். 'நாகம்மாள்' படிக்கும் வரைக்கும் இதில் ஏதாவது இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

காம்யுவின் 'அந்நியன்' பாரிஸில் வெளியானதும் அதே 1942இல்தான். ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த பாரிஸ். காம்யு பிறந்தது 1913, ஷண்முகசுந்தரம் 1917. ஒருவர் அல்ஜீரியாவில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, இன்னொருவர் தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரர். ஒருவரைப் பற்றி மற்றவருக்கு அப்போது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்துப் படித்தால் சில இடங்களில் உடம்பு சிலிர்க்கிறது.

'அந்நியன்' நாயகன் மெர்சோவின் கதை தெரியும்தானே. அம்மா செத்துப்போன தந்தி வருகிறது. முதியோர் இல்லத்துக்குப் போகிறான், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பால் விட்ட காபி குடிக்கிறான், சிகரெட் பிடிக்கிறான், அழவில்லை. மறுநாள் கடலில் குளித்து, ஒரு பெண்ணோடு சிரிப்புப் படம் பார்க்கிறான். அப்புறம் கடற்கரையில், வெயிலில், ஓர் அரபியைச் சுடுகிறான். முதலில் ஒரு குண்டு, சற்று நிறுத்தி இன்னும் நான்கு. வழக்கு நடக்கும்போது கொலையைப் பற்றிய பேச்சை விட அம்மாவின் சாவில் அழாததைப் பற்றிய பேச்சுதான் அதிகம். காபி குடித்தது சாட்சியாகிறது. கிட்டத்தட்ட அதற்காகத்தான் அவன் தலை போகிறது.

நாகம்மாளுக்கு நாவலில் வழக்கு நடக்கவில்லை. ஷண்முகசுந்தரம் அதற்கு முன்பே பேனாவை மூடிவிட்டார். நடந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊரில் ஒவ்வொருத்தராக வந்து என்ன சொல்லியிருப்பார்கள்? அடி விழுந்த நேரத்தில் யார் எங்கே நின்றார்கள் என்றா? அவள் சத்தமாகப் பேசுவாள், அவள் கண்ட நேரத்தில் வெளியே போவாள், அறுத்தவள் அறுத்தவளாக இருக்கவில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். அம்மா செத்ததற்கு அழாத மகனும் புருஷன் செத்த பிறகும் குனியாத பெண்ணும் ஒரே கூண்டில் நிற்க வேண்டியவர்கள். துக்கம் எவ்வளவு காட்ட வேண்டும் என்பதற்கு ஊரில் ஓர் அளவு இருக்கிறது. அதற்குக் குறைந்தால் நம் ஆள் இல்லை.

இன்னொரு ஒற்றுமை இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மெர்சோவுக்குத் துணையாக வருகிறவன் ரேமோன். பக்கத்து வீட்டுக்காரன், பெண்களை வைத்துச் சம்பாதிக்கிறான் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. யாரும் அவனோடு சேர மாட்டார்கள். மெர்சோ சேர்கிறான், சேராமல் இருக்க ஒரு காரணமும் தெரியாததால். ரேமோனின் தகராறில் போய்த்தான் மெர்சோ துப்பாக்கியைத் தொடுகிறான். நாகம்மாளுக்குக் கெட்டியப்பன். ஊரெல்லாம் ஒதுக்கிய ஒருத்தன், ஊரெல்லாம் ஒதுக்கிய ஒருத்தியிடம் வந்து சேர்கிறான். அங்கே ரேமோனின் பகைக்கு மெர்சோ கொல்கிறான். இங்கே நாகம்மாளின் பங்குக்காக என்று சொல்லிக்கொண்டு கெட்டியப்பன் கொல்கிறான்.

தனியாக இருக்கிறவர்களிடம் யார் வந்து பேசுகிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நல்லவர்கள் வருவதில்லை. நல்லவர்களுக்கு அவரவர் குடும்பம், அவரவர் வேலை, அதோடு பேர் கெட்டுவிடுமோ என்ற பயம். வருகிறவனுக்கு ஏதோ ஒரு கணக்கு இருக்கும். ஆனால் அவன் ஒருத்தன்தான் முகத்தைப் பார்த்து, "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டிருப்பான். கெட்டியப்பன் செய்தது அதுதான். சின்னப்பன் நல்லவன், வருஷக்கணக்கில் சோறு போட்டான், ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நாகம்மாள் கெட்டவன் பக்கம் சாய்ந்ததை ஒழுக்கக்கேடு என்றும் துணிச்சல் என்றும் விமர்சகர்கள் மாறி மாறி எழுதுகிறார்கள். அவளுக்கு வேறு யார் இருந்தார்கள் என்று கேட்டாலே போதும்.

இனி நிலம். இந்த நாவலில் தனிமைக்கு அளவு உண்டு, எல்லைக்கல் உண்டு. அதை நான் சட்டப் புத்தகத்தில் போய்ப் பார்த்தேன். (பார்க்காமல் இருந்திருந்தால் நிம்மதி.) பழைய மிதாட்சர முறையில், பாகம் பிரியாத குடும்பத்தில் ஓர் ஆண் மகன் இல்லாமல் செத்தால் அவன் பங்கு அப்படியே மிச்சமிருக்கும் ஆண்களிடம் போய்ச் சேர்ந்துவிடும். விதவைக்கு ஜீவனாம்சம் மட்டும். சோறும் துணியும். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. 1937இல் மத்திய சட்டசபை இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. புருஷனின் பங்கு விதவைக்கு வரும். விற்க முடியாது, ஆனால் ஆயுள் வரைக்கும் அனுபவிக்கலாம், பாகம் பிரித்துக் கேட்கலாம். நல்ல சேதிதான். ஆனால் 1941இல் டெல்லியில் ஃபெடரல் நீதிமன்றம் ஒரு விளக்கம் கொடுத்தது: விவசாய நிலம் மாகாணங்களின் அதிகாரத்தில் இருக்கிறது, ஆகவே மத்திய சட்டசபை போட்ட இந்தச் சட்டம் அதைத் தொடாது. சென்னை மாகாணம் தன் பங்குக்குச் சட்டம் போட்டு விவசாய நிலத்தையும் சேர்த்தது 1947இல்.

அந்த இடைவெளியில், 1942இல், நாகம்மாள் எழுந்து நின்று பங்கு கேட்கிறாள். டவுனில் வீடும் கடையும் வைத்திருந்த குடும்பத்து விதவை அன்றைக்குக் கேட்டிருந்தால் வாங்கியிருக்கலாம். காட்டை நம்பிப் பிழைக்கிற குடும்பத்து விதவைக்கு வழியில்லை. கொங்கு விவசாயிக்குக் காட்டைத் தவிர வேறு என்ன சொத்து? ஷண்முகசுந்தரம் இந்தத் தீர்ப்பை மனதில் வைத்து எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. சட்ட நுணுக்கம் அவர் அக்கறை இல்லை. அவர் மனுஷர்களைப் பார்த்து எழுதினார். அவர் பார்த்த இடத்திலேயே சட்டத்தின் ஓட்டையும் இருந்தது, அவ்வளவுதான்.

மெர்சோவின் தனிமையிலிருந்து இங்கே நாகம்மாள் பிரிந்து போகிறாள். அம்மா முதியோர் இல்லத்துக்குப் போன பிறகு, மெர்சோ சாமான்களை எல்லாம் ஓர் அறைக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டு மிச்ச வீட்டைச் சும்மா விட்டுவிடுகிறான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க பால்கனியில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறான். எனக்கு அந்தப் பக்கங்கள் ரொம்பப் பிடிக்கும். ஆனால் மிச்ச வீட்டைச் சும்மா விடுவதற்கு முதலில் ஒரு வீடு வேண்டும் இல்லையா? உலகம் அர்த்தமற்றது என்று மெர்சோ உணர்கிறான். நாகம்மாளுக்கு உலகத்தின் அர்த்தத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. மாடு, மழை, வெள்ளாமை, மகள், எல்லாவற்றுக்கும் அர்த்தம் இருக்கிறது. அந்த அர்த்தத்துக்குள் உட்கார அவளுக்கு ஒரு திண்டு மண் இல்லை. நாம் இவ்வளவு காலமாக அந்நியமாதல் என்று கட்டுரை கட்டுரையாக எழுதியதில் இந்த வகையைச் சேர்க்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

ஷண்முகசுந்தரம் இதோடு விட்டுவிடவும் இல்லை. விபூதிபூஷணின் 'பதேர் பாஞ்சாலி'யைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். சத்யஜித் ராயின் 1955ஆம் வருஷப் படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூனல் கிழவியை மறக்காது. இந்திர் தாக்ருண். ஹரிஹரனுக்குத் தூரத்து அக்கா முறை. சர்பஜயாவின் வீட்டில் ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். சர்பஜயாவுக்கே அடுத்த வேளைக்கு அரிசி இல்லை, கிழவி மேல் எரிந்து விழுகிறாள். கிழவி போவதும் வருவதுமாக இருந்து கடைசியில் போக்கிடம் இல்லாமல் சாகிறாள். அங்கேயும் வில்லன் என்று யாரும் இல்லை. நாகம்மாளை எழுதிய அதே கை, அந்தக் கிழவியையும் தமிழில் எழுதியிருக்கிறது என்பது எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை. இளமையில் நாகம்மாள், முதுமையில் இந்திர் தாக்ருண். நடுவில் உள்ள வருஷங்களை எங்கள் வீட்டு ஆசாரத்தில் பார்த்தவன் நான்.

ஒன்றைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. 'அந்நியன்' நாவலில் சுடப்பட்ட அரபிக்குப் பேரே இல்லை. அந்த ஆளுக்கு மூசா என்று பேர் வைத்து, அவன் தம்பி வாயால் கதையைத் திருப்பிச் சொல்ல, 2013இல் அல்ஜீரியாவிலிருந்து கமெல் தாவூத் வரவேண்டியிருந்தது. நம் பக்கத்தில் அந்த வேலை அதற்கு முன்பே நடந்துவிட்டது. பங்கு கேட்டு நாகம்மாளுக்குக் கிடைக்கவில்லை, சரி. பங்கு என்று வாயைத் திறக்கவே முடியாதவர்கள் அதே காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' 2000இல் வந்தது. வருஷக் கூலிக்குக் கவுண்டர் பண்ணையத்தில் விடப்பட்ட அருந்ததியர் சிறுவன் கூளையன்தான் அதில் நாயகன். திருச்செங்கோட்டுப் பக்கத்து மேட்டாங்காடு, சேலத்து வெயில் எப்படியோ அதே வெயில். பெருமாள்முருகன் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது ஷண்முகசுந்தரத்தின் எழுத்தைத்தான். முன்னோடியை வரி வரியாகப் படித்தவர், முன்னோடியின் கண்ணுக்கு ஓரமாகப் போனவர்களை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். அவரையும் 2015இல் இந்த மண்ணே எழுதாதே என்று ஒதுக்கி வைத்ததும், மறுவருஷம் சென்னை உயர் நீதிமன்றம் எழுது என்றதும் எல்லோருக்கும் தெரிந்த கதை.

எங்கள் ஊருக்கு வருகிறேன். சட்டத்தை அவ்வளவு தூரம் படித்தவனுக்கு அடுத்த கணக்குப் போடாமல் இருக்க முடியுமா? பெரியப்பா காலமானது 1956ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு அப்புறம் வெகு காலம் கழித்து. பாட்டன் வீடு, இரண்டே பிள்ளைகள். அப்படியானால் நாங்கள் இருக்கிற வீட்டில் சரிபாதி பெரிம்மாவுடையது. பட்டா அப்பா பேரில் இருந்தது, இப்போது என் பேரில் இருக்கிறது. மாற்றி எழுதலாம் என்று வீட்டில் பேச்சை எடுத்தேன். என் வீட்டுக்காரி ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொள்ளாதது பெரிம்மாதான். "இத்தன வருசம் இல்லாத பாகம் இப்ப என்னத்துக்குங் கண்ணு, சந்தீல சிரிக்கவா?" என்றார்கள். கோபமும் இல்லை, பெருந்தன்மையும் இல்லை அந்தக் குரலில். பஸ் போன பிறகு டிக்கெட் கொடுத்தால் ஒருத்தர் எப்படிப் பார்ப்பார், அப்படி ஒரு பார்வை. பத்திரம் எழுதுகிறவரிடம் பேசி வைத்திருக்கிறேன். என்றைக்காவது கையெழுத்துப் போடுவார்கள் என்று நினைக்கிறேன், போடாமலும் இருக்கலாம்.

பெரிம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஒரு மத்தியானம், கரண்ட் இல்லாமல் தெரு முழுக்கத் தறிகள் நின்றிருந்த நேரம், நாகம்மாள் கதையை உட்கார்ந்து சொன்னேன். இடையில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார்கள். கெட்டியப்பன் கம்பை ஓங்கிய இடத்தில், ஐயோ பாவம் என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்பறம் அந்தக் காடு யாருக்கு ஆச்சு?" என்றார்கள்.

நாவலில் அது இல்லை. எனக்குத் தெரிந்த சட்டத்தை வைத்துச் சொன்னேன். சின்னப்பனுக்கு ஆண் வாரிசு இல்லை என்று வைத்துக்கொண்டால், அந்தக் காலத்து முறைப்படி நிலம் அவன் பெண்டாட்டி காளியம்மாளின் அனுபவத்துக்குப் போகும். நாகம்மாளுக்குப் பழையபடி சோறும் துணியும்தான்.

"அப்ப அடிச்சுக் கொன்னும் அவளுக்கு ஒரு சென்ட் எடம் வல்ல?"

"வராது, பெரிம்மா."

"அப்பறம் எதுக்குடா அடிச்சான் அந்தப் பையன்?"

அவளுக்காக என்றேன்.

"அவளுக்காகவா!" என்று சிரித்தார்கள். "அவனுக்கு அந்தச் சின்னப்பன் மேல எத்தன நாளு ஆத்தரமோ. அவகிட்ட யாரு கேட்டது?"